தேக்கம்

முதல் விரிவுரையில் விஜேகோன் சேர்
ரிசர்வோயர் என்று பலகையில் எழுதியதும்
எனக்கு மவுசாகலை தெரிந்தது:
அணைக்கட்டு, காவற்கொட்டில்,
வரட்சியில் தண்ணீர் இறங்க
கழுத்துவரை எழும்பி நிற்கும் பழைய கோயில்.
குளமல்ல, என்றார்.
கல்.
கல்லுக்குள் துளை, துளைக்குள் எண்ணெய்.
கொப்பியில் நான் போட்டிருந்த அலைகளைப்
பேனையால் கிறுக்கி அடைத்தேன்.

மூன்றாம் வருடம்
அவரவர் ஊர்க் கல்லோடு வரச் சொன்னார்கள்.
துவாரகன் கொண்டுவந்த கீரிமலைச் சுண்ணக்கல்
பிளேன்டீயில் தோய்த்த பாண்துண்டு மாதிரி
உறிஞ்சிக்கொண்டே இருந்தது. பதினெட்டு வீதம்.
என்னுடையது லயத்துக்குப் பின்னால்
கான் கட்டியபோது மிஞ்சியது,
சிவப்புப் புள்ளி விழுந்த சாம்பல் கல்.
துளைகருவி இரண்டு தடவை கத்தி நின்றது.
ஹீலியம் உள்ளே போகப் பார்த்து
வாசலிலேயே திரும்பி வந்தது.
அரை வீதமும் இல்லை.
"உங்கட மலையில ஒரு போத்தலுக்கும் வழியில்லை"
என்றான் துவாரகன்.
குறிப்பேட்டில் எண்ணை எழுதி
அடிக்கோடும் போட்டேன்.

அப்பா நோர்வூட் பெற்றோல் செட்டில் பம்பர்.
காலையில் இரும்பு மூடியைத் தூக்கி
பித்தளைக் கோலை நிலத்தடித் தாங்கிக்குள் இறக்குவார்.
ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ
அதுதான் அன்றைய முகம்.
கியூ வருடத்தில் கோல் காய்ந்தே வந்தது.
ஆட்கள் ஆட்டோவுக்குள் படுத்தார்கள்,
மண்ணெண்ணெய்க் கேன்களைச் சங்கிலியில் கோத்தார்கள்.
நானூறு பேருக்கு "இல்லை" சொல்லிவிட்டு
சட்டையில் இரண்டு பொத்தான் குறைய வீட்டுக்கு வந்தார்.
பொத்தானைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
அதனால்தான் பெற்றோலியம் படித்தேன் என்று
விண்ணப்பக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.
உண்மையில்
அந்த விருப்பப் பாடத்தில்தான் இடம் மிச்சம் இருந்தது.

கடல் மேடையில் வேலையென்றால்
தண்ணீரில் கவிழ்ந்த ஹெலிகொப்டரில் இருந்து
தலைகீழாக வெளியே வரத் தெரிய வேண்டுமாம்.
எங்கள் தோட்டத்தில் நீந்தத் தெரிந்தவை நாய்கள்தான்.
விடிய ஐந்தரைக்கு வளாக நீச்சல் தடாகம்,
பேராதனைப் பனி தோளில் ஏறி உட்காரும்.
நீர்கொழும்பு உதேஷிகா
என் வயிற்றுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து,
விடப்போகிறேன் என்று சொல்லாமலே விட்டாள்.
குடித்தேன்.
குளோரின் ருசியோடு காலை விரிவுரைக்குப் போனேன்.
இப்போது முப்பத்தொரு வினாடி மூச்சடக்குவேன்.
சீவியில் நீச்சல் என்று போட்டது
அதற்கெல்லாம் ஒரு மாதம் முந்தி.

நேர்முகம் திரையில் நடந்தது.
மேலே இரவல் பிளேசர், கீழே வீட்டுப் பாவாடை,
ஜன்னல் சாத்திக்கொள்ளாதிருக்க
முட்டுக்கொடுத்த அதே சாம்பல் கல்.
தோஹாவில் இருந்து மூன்று முகங்கள்.
"உங்கள் ஊரில் எண்ணெய் உண்டா?"
சிரிக்கத்தான் கேட்டார்கள்.
நான் எண்ணைச் சொன்னேன், தசமத்தோடு.
ஒருவர் துக்க வீட்டில் ஆட்டுவது போலத் தலையாட்டினார்.
பிறகு அறிவிக்கிறோம் என்றார்கள்.

சாப்பாட்டுக்குப் படியிறங்கும்போதுதான் பதில் வந்தது.
எண்ணெய் மேலே மேலே ஏறப் பார்க்கும் சாமான்.
ஒன்றையும் விடாத கல் ஒன்று
குறுக்கே படுத்திருந்தால்தான் அது தங்கும்,
இல்லாவிட்டால் எந்தக் காலத்திலோ ஒழுகிப்போயிருக்கும்.
அந்த வேலைக்கு எங்கள் கல் போதும் ஐயா
என்றிருக்கலாம்.
திரை கறுத்து இருபது நிமிடம் ஆகியிருந்தது,
கையில் தட்டு.

இரவு அப்பா எடுத்தார்.
கிடைத்ததா என்று கேட்கவில்லை.
"கடலுக்கு அடியில எவ்ளோ ஆழத்துல கெடக்கும்?"
மூவாயிரம் மீற்றர்கூடப் போகும் என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை,
பின்னால் ஏதோ லொறி ஹோன் அடித்தது.
"அவ்ளோ நீளத்துக்குக் கோலு
யாரு புள்ள செஞ்சி குடுப்பா?"